இரண்டாவது விளக்கு

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை வீடியோவில் காட்டி விற்றுவந்த மாலதி, கணவர் ரங்கசாமி மறைந்த மூன்றாம் மாதம், பழைய மைக் பழுதானதால் திண்டுக்கல் கடையொன்றில் புது வயர்லெஸ் மைக் கேட்டார்.

"ரெட்டை மைக்கா எடுங்கக்கா," என்றார் கடைக்காரர்.

"ஒத்தை போதும் தம்பி. கூடப் பேச ஆளில்ல."

வீடியோவில் கூட நின்று ரங்கசாமியும் பேசினால் வியாபாரம் கெடுமென்று, அவருடைய மைக்கை மட்டும் மாலதி எப்போதும் அணைத்தே வைத்திருந்தார். "மைக்கு எரியுதா புள்ள?" என்று, ரிசீவரில் தன் மைக்குக்கான விளக்கைப் பற்றி ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார். "எரியுதுங்க" என்பார் மாலதி. அதை நம்பி அவரும் தொண்டை வற்றப் பேசுவார்.

வீட்டுக்கு வந்து, ஒற்றை மைக்கைச் சேலையில் குத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினார். இருந்தது ஒரே மைக்தான், ஆனால் ரிசீவரில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. பழைய பழக்கத்தில் இரண்டாவதை அணைக்கப் பார்த்தார், அது அணையவில்லை.

"மைக்கு எரியுதா புள்ள?" என்று ஹெட்போனில் கேட்டது.

"எரியுதுங்க" என்றார் மாலதி, முதன்முறையாகப் பொய்யில்லாமல்.