பொற்கொடிக்கு வைத்த சிலை

கம்பியே இல்லாமல் எரியும் மின்விளக்கை முதன்முதலில் ஏற்றிக் காட்டிய பொற்கொடிக்கு, அவர் இறந்த மூன்றாம் ஆண்டில் தூத்துக்குடியில் மார்பளவுச் சிலை வைத்தார்கள். அவருடைய குறிப்பேடுகளையும் உரைகளையும் படித்து வைத்திருந்த அந்தச் சிலை, அவர் குரலிலேயே பேசியது.

திறப்பு விழா முடிந்ததும், எசேக்கியேல் தன் மகள் சாராளின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றார். பொற்கொடியின் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர் அவர். முதல் விளக்கு வெடித்தபோது அவருடைய இரு கண்களும் போயின. அந்த விபத்தையோ எசேக்கியேலின் பெயரையோ பொற்கொடி எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை, எந்த உரையிலும் சொல்லவில்லை. ஆனால் சாகும்வரை மாதந்தோறும் வீடு தேடி வந்து, "அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டது நான்தானே, எசேக்கி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்.

"அம்மா, எசேக்கி வந்திருக்கேன்."

"வணக்கம் ஐயா. உங்களை எனக்குத் தெரியவில்லையே" என்றது சிலை. "பார்வை எப்படிப் போயிற்று?"

சாராளுக்கு நெஞ்சு கொதித்தது. "சொல்லுங்கப்பா. ஊரே கேக்கட்டும்."

எசேக்கியேல் தடவித் தடவி, சிலையின் கன்னத்தில் கை வைத்தார். வெண்கலம் குளிர்ந்திருந்தது. கண் போன பிறகு இந்தக் குரல் அழாமல் தன்னிடம் பேசி அவர் கேட்டதே இல்லை.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சும்மா" என்றார். "அதுல போயிருச்சு."