மலைக்கு இந்தப் பக்கம்

சீகிரியாவை நோக்கிய சிறு விமானம் மேகத்துக்குள் மட்டமாகப் பறக்கிறது. எங்கே எவ்வளவு தாழலாம் என்பதை, விமானத்தைத் தானாகச் செலுத்தும் ஓட்டோபைலட் ஏற்கெனவே கணித்து வைத்திருக்கிறது. வழியில் குறுக்கிடும் மலையைத் தாண்டும்வரை அது உயரத்தை விடாது. கண்ணாடியில் மழைத்துளிகள் மேல்நோக்கி ஓடுகின்றன. திடீரென்று மேகம் கிழிந்து, கீழே அகன்ற நீர்ப்பரப்பு தெரிகிறது. நாவுலயில் வளர்ந்து, நெடுங்காலம் வெளிநாட்டில் பறந்துவிட்டு வந்திருக்கும் கெப்டன் பஸீரின் முகம் மலர்கிறது. "கண்டலம குளம்! மலையத் தாண்டிட்டோம். இது ஏன் இன்னும் இறங்காம நிக்குது? நானே இறக்குறேன்." ஓட்டோபைலட்டை விடுவிக்கும் பொத்தானில் அவர் கட்டைவிரல் அமர்கிறது. துணை விமானி அனுஷியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேர், அது கண்டலம இல்ல. மொரகஹகந்த டேம். நீங்க போனதுக்குப் பொறகு கட்டினது." "எங்க ஊர்க் குளம் எனக்குத் தெரியாதா?" "மலை இன்னும் முன்னுக்குத்தான் இருக்கு. கைய எடுங்க, சேர்." விரல் அங்கேயே இருக்கிறது. மேகம் மறுபடி விலகுகிறது. ஈரப் பாறைமுகடு ஒன்று நேரே அடியில் வருகிறது. கிழிசல் வழியாக விழும் வெயிலில் விமானத்தின் நிழல் அந்தப் பாறையில் முட்டி, மடங்கி, உச்சிவரை ஏறி, மறுபக்கம் விழுகிறது. அதற்குப் பிறகுதான் விமானத்தின் மூக்கு தானாகத் தாழ்கிறது. பஸீரின் இரண்டு கைகளும் மடியில் கிடக்கின்றன.