எழுபது கிலோவுக்கான காற்று

தப்பு தன்மேல் இருக்க முடியாது என்பதில் தனசிங் வாத்தியாருக்குச் சந்தேகமே இல்லை.

இத்தலார் ரோட்டில் ஒரே குழி. பந்தய சைக்கிளின் டயர் உட்கார்ந்துவிட்டது. டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டிய டயர். வழியில் பஞ்சர் பார்க்க முடியாது. மழையில் தொப்பலாக நனைந்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கினார்.

அங்கே அங்கம்மா ஒரு மூட்டையை நிறுத்து, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"காத்து கம்மியா இருந்துதுங்களா சார்?"

"நான் கணக்கு வாத்தியாருங்க. ஆள் கனத்துக்குத் தகுந்த காத்து அடிக்கோணும். எழுபது கிலோ ஆளுக்கு எவ்வளவோ, அதைத் தினமும் மீட்டர் பாத்து அடிக்கிறேன். டயர்தான் மட்டம்."

அங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுபதுன்னு எப்பங்க எடை போட்டீங்க?"

"எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தப்பங்க." அவர் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

"இந்தத் தராசுல ஏறுங்க."

ஏறினார்.

"தொண்ணூத்தி நாலுங்க."

தனசிங் சொட்டும் சட்டையைப் பிழிந்து காட்டினார். "ஈரத்துக்குக் கழிக்க மாட்டீங்களா?"

"கழிச்சுத்தானுங்க சொன்னேன்."