ராம்பென்சாவ்

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் மகள் ஆதிரையின் பள்ளி விழாவுக்குப் போய்வந்த நேசமலர், கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"டீச்சர் எல்லாருக்கும் முன்னால 'ராம்பென்சாவ்' எண்டு சொல்லிப்போட்டா. ஜேர்மன் மொழியில 'சாவ்' எண்டால் பன்றிதானேயப்பா? உடன வேற பள்ளிக்கூடம் பாருங்கோ!"

கணவன் உதயசீலன் சிரித்தான்.

"'ராம்ப' எண்டால் மேடையின்ர முன்விளிம்பு. அந்த விளிம்பை விட்டு நகராமல் சனத்தைக் கட்டிப்போடுற ஆளை நாடகக்காரர் அப்பிடிச் சொல்லுவினம். அது பாராட்டு. ஆதிரை அவ்வளவு நல்லாவோ ஆடினவள்?"

"அவள் எங்க ஆடினவள்? பாட்டுத் தொடங்க முதலே பயந்து இறங்கி ஓடிட்டாள்."

"அப்ப டீச்சர் ஆரைச் சொன்னவ?"

நேசமலரின் கோபம் போய் முகத்தில் வெட்கம் வந்திருந்தது.

"பாட்டு வீணாப் போகுதெண்டு நான்தான் ஏறி ஆடினனான்... உண்மையாவே பாராட்டோ?"