மாமனாரின் ஷேவிங்

“இன்னைக்கு ஷேவிங் மாப்பிள்ளை!” என்று வந்து உட்கார்ந்தார் வருங்கால மாமனார்.

சலூன்காரன் துண்டை உதறியபடியே யோசித்தான். நேற்று மீசை ஒதுக்க வந்தார். முந்தாநாள் முடி வெட்ட வந்தார். வேவு பார்க்கிறாரோ?

போன மாதம்தான் அவனுக்கு டைப் ஒன் சர்க்கரை என்று தெரிந்தது. ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி. வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா? ஊசியைப் பிளேடு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தான்.

காலையில் ஊசி போட்டவன், கடைக் கூட்டத்தில் சாப்பிட மறந்திருந்தான். நுரை பூசும்போதே சர்க்கரை இறங்கி வியர்த்தது. கத்தி எடுத்த கை நடுங்கியது.

“கத்தியை வச்சுட்டு இந்த ஜூஸைக் குடிங்க.” மாமனார் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

“இருக்கட்டும் மாமா, வேலை முடியட்டும்...”

“நடுங்குற கையில கழுத்தைக் கொடுத்துட்டு, பொண்ணு கல்யாணத்தை நான் மேலோகத்துல இருந்தா பாக்குறது?”

குடித்தான். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. கத்தியைக் கன்னத்தில் இழுத்தான். வெறும் நுரைதான் வந்தது. ஒரு முடிகூட இல்லை.

“மாமா, ஏற்கெனவே ஷேவ் பண்ணியிருக்கீங்களே!”

“காலையிலேயே பண்ணிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“நீங்க ஊசி வாங்குனதை என் பொண்ணு மருந்துக்கடையில பாத்துட்டா. ‘அவர் வேலை மும்முரத்துல சாப்பிட மாட்டார், போய்ப் பாருங்கப்பா’ன்னு தினமும் துரத்துறா.”

அவன் கண்கள் கலங்கின.

“கல்யாணத்தைச் சீக்கிரம் வச்சுடுவோம் மாப்பிள்ளை. அப்புறம் அவளே பாத்துக்குவா. சாக்குச் சொல்லி வர, எனக்கு இனி முடி இல்ல!”