படுக்க வைத்து எடுத்த அளவு

"பெரியவனைப் படுக்க வச்சுத்தான் அளந்தேன், அண்ணி. மேலேருந்து குனிஞ்சு அளக்க அதுதான் கைக்கு எட்டுச்சு."

போனில் கொழுந்தன் சாவகாசமாகச் சொன்னான். பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்த அவள் லேத்தை நிறுத்தினாள்.

பெரியவன் ஆள் இல்லை, வண்டி. மாமனார் விட்டுப்போன இரண்டு பழைய பிக்கப்புகளில் ஒன்று. இரண்டும் ஒரே பச்சை, ஒரே மூஞ்சி. ஒன்று மூன்று வருடம் மூத்தது. இன்னொன்றுக்குப் பின்னால் பலகையை உயர்த்திக் கட்டியிருப்பதால் பார்க்கப் பெருத்துத் தெரியும். பெரியவன், சின்னவன் என்றுதான் வீட்டில் பேச்சு.

மெக்கானிக்கான கொழுந்தன், பெரியவனின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பை மாட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். காற்றை இறக்கினால் வண்டி தரையோடு படுக்கும், ஏற்றினால் எழுந்து நிற்கும். கியர் பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சுற்றுகிற ஷாஃப்டை அதற்குத் தக்கபடி புதிதாகச் செய்ய வேண்டும். அவன் சீட்டில் எழுதியனுப்பிய அளவுக்கு, லேத் வைத்திருக்கும் அண்ணிதான் வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தாள். பெயின்ட் அடிக்கிற சாக்கில் பத்து நாளாக அவன் ஷெட்டிலேயே கிடந்த இரண்டு வண்டிகளும் நேற்றுச் சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தன.

"அறிவிருக்கா தம்பி உனக்கு? படுத்திருக்கும்போது தூரம் கம்மி. எழுந்து நின்னா ஷாஃப்ட் பத்தாது. நுனி மட்டும்தான் கியர் பாக்ஸைக் கவ்விட்டு நிக்கும். ஒரு குழியில இறங்கினா போதும், உருவிக்கிட்டு வந்துடும்."

"அண்ணி, நான் சாமான் வாங்க வெளியூர் வந்திருக்கேன். பெரியவனை யாரும் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க."

"உங்கண்ணன் அதை எடுத்துட்டுப் போய் அரை மணி நேரம் ஆச்சு. பாப்பாவும் கூடப் போயிருக்கா."

கணவன் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். நாலு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான். இப்போது யாரைத் திட்டுவது?

ஆணியில் தொங்கிய சின்னவனின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே மாமியாரும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு அத்தை?"

"பிள்ளையும் பேத்தியும் அங்க இருக்கும்போது எனக்கு இங்க என்னடி வேலை?" ஏற மூன்று தடவை முயன்றார். "இந்தப் படி எப்ப இவ்ளோ உசரமாச்சு?"

"படி அப்படியேதான் இருக்கு. உங்க முட்டிக்குத்தான் வயசாயிடுச்சு. ஏறுங்க."

மலைச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும், பள்ளத்தில் பச்சையாக ஏதாவது கிடக்கிறதா என்றுதான் அவள் கண் போனது. குழி பார்த்து ஓட்டவேண்டும் என்பதே மறந்துபோனது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது.

"மெதுவாப் போடி. அவங்களைப் பிடிக்கிறதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடுவோம் போலிருக்கு," என்றார் மாமியார்.

உச்சி தாண்டி இறக்கத்தில், உயரமான பலகை தெரிந்தது. ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் முந்திப்போய், முன்னால் மறித்து நிறுத்தினாள். இரண்டு வண்டிக்குமே ஹேண்ட் பிரேக் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை. எஞ்சினை அணைத்து, சக்கரம் உருளாமலிருக்கக் கியரிலேயே விட்டுவிட்டுக் குதித்தாள்.

"இறங்குங்க ரெண்டு பேரும். ஷாஃப்ட் கழண்டுக்கப் போகுது."

மகளை இழுத்துக் கீழே இறக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அம்மா, வலிக்குது," என்றாள் மகள். அது காதில் விழவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் புகுந்தாள். எவ்வளவு கவ்விக்கொண்டு நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அவளுக்கு மூச்சு வராது.

அடியில் துருப்பிடித்த பட்டை ஸ்பிரிங்தான் இருந்தது. வருஷக்கணக்கான கிரீஸ் அப்பிய பழைய ஷாஃப்ட். அவள் பற்றவைத்த தடம் எங்கேயும் இல்லை.

"ஏங்க, காத்துப் பை எங்கே?"

"இதுல ஏது பை?" கணவன் குனிந்து பார்த்தான்.

"பெரியவனுக்குத்தானே தம்பி மாட்டினான்?"

கணவனுக்குச் சிரிப்பு வந்தது. "பலகையைப் பார்த்து இதைப் பெரியவன்னு சொல்றது நீயும் நானும்தான். அவனுக்கு வயசுல மூத்ததுதான் பெரியவன்."

அவள் சிரிக்கவில்லை. அடியில் கிடந்தபடியே தலையைத் திருப்பினாள். முன்னால், கியர் ஒன்றையே நம்பி இறக்கத்தில் நின்றிருந்த சின்னவனுக்கு அடியில், அந்தக் கியரைப் பின்சக்கரத்தோடு இணைக்கும், அவள் செய்த ஷாஃப்ட் பளபளத்தது. அங்கிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"ஏங்க, அத்தை இன்னும் அதுக்குள்ளதான் இருக்காங்க."