நான்காவது சொட்டு

மரகதவல்லி விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனை அட்டையில் வைத்தாள். 'இரும்புச்சத்து குறைவு' என்றது அட்டை.

"தினம் கீரை சாப்பிடுற எனக்கா? இதுவும் பழுது!" என்று அதைக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

கூடையில் ஏற்கெனவே இரண்டு அட்டைகள் கிடந்தன. "வாங்க தம்பி. நாங்களும் இதையே சொல்லித்தான் இங்கே வந்தோம்," என்றன அவை.

"அநியாயம்! நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குது. பொய்யன் நானா?" என்று கத்தியது புதிதாய் விழுந்த அட்டை.

"கத்தாதீங்கப்பா," என்றது அலமாரியிலிருந்த சத்து மாத்திரை டப்பா. "டாக்டர் எழுதிக் கொடுத்து ஆறு மாசமாச்சு. இன்னும் என் மூடியைக்கூடத் திறக்கலை."

மரகதவல்லி நான்காவது சோதனைப் பெட்டியைப் பிரித்து அடுத்த விரலை நீட்டினாள்.

புது ஊசி கொதித்தது: "அடிப்பாவி! மிச்சமிருக்கிற ரத்தத்தையும் என்னை வெச்சே எடுக்கப்போறியா?"